இடிமேகமும் விமானம் இறங்குதலும்

இடிமேகத்தினருகே ஆகாயவிமானம் செல்லுங்கால் பிரயாணிகள் பெரிதும் அஞ்சுவது மின்னலுக்கே. விமானிகளோ அதனை அத்துணைப் பொருட்படுத்துவதில்லை. மின்னல் தாக்கினும் அது விமானத்தின் வெளிப்புறத்தோடு ஓடி அகன்றுவிடும். அவர்கள் அஞ்சுவது கண்ணுக்குப் புலனாகாத காற்றையேயாம். அதிலும் விமானம் தரையை அணுகும்போது மேகத்தினடியில் வீசுங் காற்றே மிகக் கொடியது.

முதிர்ந்த இடிமேகத்தினின்று வீழும் மழை தன்னோடு காற்றையும் இழுத்து வருகின்றது. துளிகளிற் சில இடைவழியே ஆவியாதலால் அக்காற்றுக் குளிர்ந்து, கனத்து, இன்னும் விரைந்து வீழ்கின்றது. குடத்து நீரைத் தரையிற் கவிழ்த்தால் நாற்புறமுஞ் சிதறுவதைக் கண்டிருக்கிறோமல்லவா? அவ்வண்ணமே இதுவும் நிலத்தில் மோதி எத்திசையும் பரவும். நான்கு கிலோமீட்டருக்குட்பட்ட பரப்பில் இவ்வாறு நிகழ்வதை ஆங்கிலத்தில் ‘மைக்ரோபர்ஸ்ட்’ என்பர். நாம் வீழ்காற்று என்போம். சில நிமிஷங்களிற் பிறந்து, சில நிமிஷங்களில் மறைவது அது.

அதன் வஞ்சனை யாதெனில், முதலில் நன்மை செய்வதுபோற் காட்டுதலாம். விமானத்தைத் தாங்குவது இறக்கைகளின்மேற் செல்லுங் காற்றின் வேகமேயன்றித் தரைமேற் செல்லும் வேகமன்று. மணிக்கு 140 கடல்மைல் வேகத்தில் இறங்கும் விமானமொன்றைக் கொள்வோம். வீழ்காற்றின் முன்னோரத்தில் 30 கடல்மைல் எதிர்காற்று மோதினால் வேகமானி 170 காட்டும், விமானம் மேலெழும். இதை மெய்யென நம்பும் விமானி இயந்திர விசையைக் குறைப்பார். உடனே நடுக்காற்றுக் கீழே அமுக்கும். அப்பாற் சென்றதும் அதே 30 கடல்மைல் காற்றுப் பின்னின்று வீசும். விசையைக் குறையாதிருந்தாலுங்கூட 170 இப்பொழுது 110 ஆகும். தரையோ மிக அருகில்.

1975ஆம் ஆண்டு ஜூன் 24ந் தேதி நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் போயிங் 727 விமானமொன்று இவ்விதம் வீழ்ந்து 113 பேர் மாண்டனர். அதனை ஆராய்ந்தவர் சிக்காகோ சர்வகலாசாலை ஆசிரியர் டெட்சுயா புஜிடா. சூறாவளிக்குப் பின் மரங்கள் ஒரு நடுவினின்று நட்சத்திரவடிவிற் புறம்நோக்கிச் சாய்ந்து கிடந்ததை அவர் முன்னரே கண்டிருந்தார். வீழ்காற்றே காரணமென அவர் கூறியபோது வானிலை அறிஞர் பலர் ஐயுற்றனர். பின்னர் ரேடார் கொண்டு அளந்தபோது அவர் கூற்றே மெய்யாயிற்று.

ஆயினும் அறிந்தமை ஒன்றே போதவில்லை. 1985ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ந் தேதி, டாலஸ் நகரத்து விமான நிலையத்தை அணுகிய டெல்டா கம்பெனியின் 191ஆம் எண் விமானத்தில் 163 பேர் இருந்தனர். முன்னே மழையிடையே மின்னலை விமானிகள் கண்டனர். அவர்களுக்கு முன்சென்ற சிறு ஜெட் விமானமோ அம்மழையினூடே புகுந்து சுகமாய் இறங்கிவிட்டது. அவர்களும் புகுந்தனர். வேகம் உயரவே, அது திடீரென வீழுமென்று தலைமை விமானி உபவிமானியை எச்சரித்தார். எச்சரித்தபடியே வீழ்ந்தது. பாதையிற் காரோட்டிச் சென்ற ஒருவர் உட்பட 137 பேர் இறந்தனர்.

இங்கே நாம் கவனிக்கவேண்டுவது ஒன்றுண்டு. ஓய்வில்லாத நிலையங்களில் விமானங்கள் சில நிமிஷ இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாய் இறங்குகின்றன. வீழ்காற்று வளர்வதற்கும் அச்சில நிமிஷங்களே போதும். முன்சென்றவர் தப்பியது பின்வருபவருக்குச் சாட்சியாகாது. ஆயினும் மனித மனம் அதையே சாட்சியாகக் கொள்ளுகின்றது.

அதன்பின் துளிகள் நகரும் வேகத்தையே அளக்கவல்ல டாப்ளர் ரேடார்கள் அமெரிக்க நிலையங்கள் பலவற்றில் அமைக்கப்பட்டன. விமானங்களிலும் எச்சரிக்கைக் கருவிகள் கட்டாயமாயின. எச்சரிக்கை வந்தால் இறங்குவதைக் கைவிட்டு மேலெழுதல் வேண்டும். அகப்பட்டுக்கொண்டால் முழுவிசை கொடுத்து மூக்கை உயர்த்துவர். சக்கரங்களை மட்டும் உடனே உள்ளிழுக்கமாட்டார். சக்கரவறையின் கதவுகள் திறப்பதே காற்றைத் தடுத்து வேகத்தைக் கெடுக்கும்.

எல்லாவற்றினும் எளிய வழி காத்திருத்தலே. இதற்கெனவும், வேறு நிலையத்துக்குச் செல்லவும் எண்ணெய் கூடுதலாக ஏற்றப்படுகின்றது. நகரத்து விளக்குகள் கீழே தெரிய, விமானம் அரைமணி நேரம் வட்டமிடும்போது, பக்கத்து ஆசனத்தார் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்பதுண்டு. நாமும் சிலவேளை சேர்ந்துகொள்ளுகிறோம். கீழே அந்த மேகம் தன் காற்றைக் கொட்டித் தீர்த்துக்கொண்டிருக்கும்.