ஆற்றோரக் காட்டு நடையா? அவசரம் வேண்டாமே!

லீவு விட்டாச்சு, கோவை மாவட்டம், பில்லூர் அணைப் பக்கம் பரளிக்காட்டுக்குப் போய், பரிசல் ஏறி, பழங்குடிப் பெண்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, பவானிக் கரையில் ஒரு சுற்று நடந்து வர ஆசையா, தோழியரே? தாராளமாய்ப் போங்க! ஆனால், வனத்துறையில் முன்பதிவு செய்து, அவர்கள் ஆளோடு மட்டுமே காட்டுக்குள் நடக்கணும். 2018 மார்ச்சில், குரங்கணி காட்டுத் தீயில், மலையேறப் போன பெண்கள் பலர் பலியானதை மறக்க முடியுமா?

வீட்டில் யார் மெதுவாய் நடப்பாரோ, அவர் நடைக்கு நேரம் கணக்கிடுங்க. யானை நடமாடும் இடம். பொழுது சாயுமுன் திரும்பிடணும். நமக்கு வெயிலடித்தாலும், நீலகிரியில் மழை பெய்தால், பவானியில் திடீரென வெள்ளம் வரும். பிள்ளைகளை ஆற்றில் இறக்குமுன், வழிகாட்டியிடம் கேளுங்க. திரும்பும் நேரத்தை, பக்கத்து வீட்டில் சொல்லி விட்டுக் கிளம்புங்க. சந்தோஷமாய்ப் போன குடும்பம், முழுசாய் வீடு திரும்பணும் இல்லையா!

— ஒரு இல்லத்தரசி, கோவை.