கிணற்றடியில் ஒரு வகுப்பு

தோல் பதனிடும் ஆலைக் கழிவால் திண்டுக்கல்லைச் சுற்றி எத்தனையோ கிணறுகள் உப்பாகிப் போச்சு. குடகனாற்றுப் படுகை விவசாயிகளுக்கு இது புதுசில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கோ 'நீர் மாசு' வெறும் பரீட்சைக் கேள்வி.

கைவேலை வழியே படிப்பு என்று 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்தது ஆதாரக் கல்வி. அந்த வழியில்தான் 1947-ல் சௌந்திரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டி பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் பாடத்தைக் கட்டாயமாக்கச் சொன்னது. பல பள்ளிகளில் அது மரக்கன்று நட்டுப் படம் பிடிப்பதோடு சரி.

ஆசிரியரை மட்டும் குறை சொல்லலாமா? பிள்ளைகளைக் கூட்டிப்போக அவருக்கும் ஒரு தோட்டம் வேணுமே! நீங்களே கூப்பிடுங்க. உப்புக் கிணற்றுத் தண்ணீரையும் நல்ல தண்ணீரையும் ஒரே அளவில் இரண்டு தட்டில் ஊற்றி வெயிலில் காய வையுங்க. எதில் எவ்வளவு உப்புப் படியுதுன்னு பிள்ளைகளே பார்க்கட்டும்.