திரை உறைந்தால் கணிப்பொறி செத்துவிட்டதா?

குற்றாலத்துப் பேரருவியைப் பார்த்திருப்பீர்கள். மலையிலிருந்து வரும் சிற்றாறு நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாகடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்த பிறகே கீழே இறங்குகிறது. இல்லையேல் அதனடியில் நின்று குளிக்க யாரால் முடியும்?

கணிப்பொறியிலும் இத்தகைய இடைத்தங்கல் உண்டு. மின்சாரம் பாய்ந்ததும், சுற்றுப்பலகையில் பதிந்துள்ள நிரல் விழித்துத் ‘தொடக்க ஏற்றி’யை அழைக்கிறது. லினக்ஸின் கருநிரலை வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றுவது இந்த ஏற்றியே. பெரும்பாலும் பயன்படுவதன் பெயர் ‘கிரப்’.

2011-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் தென்காசிப் பக்கத்து மாணவர் கைகளுக்கும் வந்தன. அத்தகைய பழைய பொறியில் புதிய லினக்ஸை ஏற்றினால், சிலவேளை தொடக்கத்திலேயே திரை உறைந்துவிடும். ஏன்? திரையின் புள்ளி எண்ணிக்கையையும் துடிப்பு வேகத்தையும் அமைக்கும் வேலை 2009 முதல் படிப்படியாகக் கருநிரலிடமே வந்துவிட்டது. வரைகலைச் சில்லுக்கும் அதன் இயக்கி நிரலுக்கும் ஒத்துப்போகாவிட்டால், அமைக்கும் அந்த நொடியிலேயே படம் நின்றுவிடுகிறது. வட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆகவே, “எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றவேண்டும்” என்று யாரேனும் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். உங்கள் பாடக்குறிப்புகள் அதில்தானே இருக்கின்றன!

கிரப் பட்டியல் தோன்றும்போது (தோன்றாவிட்டால், பொறியை முடுக்கியதும் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசை) ஆங்கில ‘ஈ’ எழுத்தை அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் நீண்ட வரியின் இறுதியில் ஓர் இடம் விட்டு, நோ, மோட், செட் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களையும் சிறிய எழுத்தில் ஒட்டி எழுதி, எஃப்10 விசையைத் தட்டுங்கள். “திரையை நீ அமைக்காதே, இருப்பதை அப்படியே விடு” என்பது இதன் பொருள்.

இம்மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே. வட்டில் எதுவும் பதிவதில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைக்கிறோமே, அதே முறைதான். இப்போது திரை தெளிந்தால் குற்றவாளி வரைகலை இயக்கி என்று கொள்ளலாம். முதலில் கோப்புகளைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இயக்கியையோ கருநிரலையோ புதுப்பியுங்கள். அந்தச் சொல்லையே நிரந்தரமாக்குவது நல்லதன்று. படம் வரையும் வேலை முழுவதும் மையச் செயலியின் தலையில் விழுவதால் திரைப்படம் தத்தித்தத்தி ஓடும். வெளிச்சத்தைக் குறைக்கவும் பெரும்பாலும் முடியாது.

வேலை நடுவே உறைவது வேறு வகை. இன்டெல் சில்லுள்ள சில மடிக்கணினிகளில், படம் மாறாதபோது மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சில்லு ஓய்வெடுக்கும். திரை தன் நினைவிலுள்ள படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். சில்லு விழித்தும் திரை விழிக்காவிட்டால் பழைய படமே நிற்கும். ‘கேப்ஸ் லாக்’ விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு அணைந்து எரிந்தால், பொறி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.