காளான் வற்றலின் பக்குவம்

பறித்த பிறகும் காளான் உயிரோடுதான் இருக்கிறது என்பதை உணர்ந்துகொண்டால், அதை உலர்த்துவதற்கு ஏற்பட்டிருக்கும் முறைகளுக்கெல்லாம் காரணம் தானே விளங்கிவிடும். காய்கனிகளுக்கு இருப்பது போன்ற காப்புத் தோல் அதற்கு இல்லாமையால், உடலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காக இருக்கும் ஜலம் தடையின்றி வெளியேறிக்கொண்டிருக்க, நின்றுபோகாத சுவாசமோ உள்ளே சேர்ந்திருக்கும் சத்தைச் செலவழித்துக்கொண்டிருக்க, குடை விரிந்து, அடிப்புறத்து மடல்கள் பழுப்பேறி, சில நாட்களுக்குள் அது வழவழத்துக் கெட்டுவிடுகிறது. ஆகையால் பறித்த அன்றே உலர்த்தத் தொடங்கிவிட வேண்டும். மழையில் நனைந்ததைவிட, வெயில் நாளில் பறித்ததே உத்தமம்.

இந்தக் கலையில் ஜப்பானியர் அடைந்திருக்கும் தேர்ச்சி வியக்கத்தக்கது. கியூஷு தீவிலுள்ள ஓயிட்டா மாகாணம், ஓக் மரத் துண்டுகளில் வளர்க்கப்படும் ஷிட்டாக்கே காளானின் வற்றலுக்குப் பேர்போனது. குடை முற்றும் விரியுமுன் பறித்த தடித்த வகையை ‘டொன்கோ’ என்றும், விரிந்தபின் பறித்த மெல்லிய வகையை ‘கோஷின்’ என்றும் பிரித்து, தனித்தனித் தட்டுகளில் பரப்புகிறார்கள்; இரண்டும் ஒரே வேகத்தில் உலர்வதில்லை அல்லவா?

உலர்த்தும் அறையில் ஆரம்பத்தில் 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் உஷ்ணம் போதும். அவசரப்பட்டு அதை உயர்த்தினால், ஜலம் மிகுந்த சதை காய்வதற்குப் பதிலாகத் தன் சாற்றிலேயே வெந்து, வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டிய மடல்கள் கறுத்துப்போகும். அல்லது மேற்புறம் மட்டும் விறைத்து ஓடுபோலாகி, நடுவிலுள்ள ஈரம் வெளியேற வழியின்றிச் சிறைப்பட்டுவிடும். இந்த ஆரம்பக் கட்டத்தில் செய்ய வேண்டியதெல்லாம், காற்றுத் துவாரங்களை அகலத் திறந்துவைத்து, ஈரக்காற்றை இடைவிடாமல் வெளியேற்றுவதே. பிறகு படிப்படியாக 50, 55 என்று ஏற்றி, துவாரங்களையும் சிறிது சிறிதாக அடைத்து, கடைசிக் கட்டத்தில் மட்டும் 60 டிகிரியைத் தொட வேண்டும். தடித்த காளானுக்கு ஓர் இரவும் பகலுமே ஆனாலும் பொறுத்திருப்பதுதான் முறை. ஆறியபின் தண்டை வளைத்தால் அது துவளாமல் ‘படக்’கென்று ஒடிய வேண்டும். ஒரு கிலோ பச்சைக் காளானில் திடப்பொருள் சுமார் 100 கிராம்தான். ஆகவே பத்து சதவீத ஈரத்தோடு நிற்கும் வற்றல் ஏறக்குறைய 110 கிராம் இருக்கும். எடை அதற்கு வெகுவாக மேற்பட்டிருந்தால், தட்டை மறுபடி உள்ளே வைத்துவிடுவதே விவேகம்.

உலர்ந்த காளான் காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும் சுபாவமுடையது. சூடு ஆறியதும் தாமதமின்றிக் கனத்த பாலிதீன் பையில் கட்டி, இறுக மூடும் தகர டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும், மூடி தளர்ந்தால் அந்துப்பூச்சி முட்டையிடும். அழகுக்காகக் கண்ணாடி ஜாடியில் வெளிச்சத்தில் வைப்பவர்கள், மடல்களின் நிறம் மங்கிப்போவதைக் காண்பார்கள்.

இவ்வளவு சிரமமும் கெடாமல் காப்பதற்காக மட்டுமல்ல. ஷிட்டாக்கேயின் சுவைக்குக் காரணமான குவானிலிக் அமிலத்தை 1957-ல் அகிரா குனினாகா என்னும் ஜப்பானிய விஞ்ஞானி கண்டறிந்தார். அது பச்சைக் காளானில் மிகக் குறைவு. உலர்த்தும்போது உயிரணுக்கள் சிதைந்து, பிறகு தண்ணீரில் ஊறிச் சூடேறுகையில், உள்ளிருக்கும் நொதிகள் ஆர்.என்.ஏ.வை உடைத்து அதை உண்டாக்குகின்றன. குளிர்ந்த நீரில் இரவெல்லாம் ஊறவைத்து, அந்த நீரோடு மெல்லச் சூடேற்றுவதே சிலாக்கியம். கொதிநீரை ஊற்றினால் நொதிகள் தம் வேலையை முடிக்குமுன்பே அழிந்துவிடும். மாமிசம் விலக்கிய பௌத்த மடங்களின் சமையலில் இந்த ஊறல்நீருக்கு முக்கிய ஸ்தானம் உண்டு.

சூரியனும் இதில் பங்குபெறுகிறான். மடல்கள் மேல்நோக்கியிருக்கும்படி வெயிலில் பரப்பினால், காளானிலுள்ள எர்கோஸ்டிரால் என்னும் வஸ்து புற ஊதாக் கதிர்களால் வைட்டமின் டி2-ஆக மாறுகிறது. இயந்திரத்தில் உலர்த்திய வற்றலையும் சமைக்குமுன் சில மணிநேரம் வெயில் காட்டினால் இந்தப் பலன் கிட்டும்.

தமிழ்நாட்டில் வைக்கோலில் விளையும் சிப்பிக் காளானுக்கும் இதே மிதமான உஷ்ணமும் நல்ல காற்றோட்டமும் பொருந்தும். மெல்லியதாதலால் விரைவிலேயே உலர்ந்துவிடும். அன்றைக்கு விலைபோகாத காளானைக் குப்பையில் கொட்டும் விவசாயிக்கு, ஒரு சிறிய உலர்த்தும் பெட்டியும் இறுக மூடும் சில டப்பாக்களும் இருந்தால், அந்த நஷ்டம் நேர வேண்டியதில்லை.