புது ஸ்மார்ட் ஹோம் ஹப் வாங்குறீங்களா? பழைய பல்பும் பூட்டும் அதோட சேருமான்னு முதல்ல பாருங்க!

வாலாஜாபாத்தில் வயதான அப்பா, அம்மா மட்டும் இருக்கும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மகன் அமெரிக்காவில். சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் விளக்கு தானாக எரியும். ராத்திரி யாராவது எழுந்து நடந்தால் பாத்ரூம் வழியில் சென்சார் விளக்கு போடும். கதவு பூட்டியிருக்கிறதா என்பதை மகன் அங்கிருந்தே போனில் பார்ப்பார். லீவில் வந்த மகன் பழைய ஹப்பைக் கழற்றிவிட்டு, கையோடு கொண்டுவந்த புது ஹப்பை மாட்டிவிட்டு ஃபிளைட் ஏறுகிறார். அன்று ராத்திரி பாத்ரூம் விளக்கு எரியவில்லை. இருட்டில் நடப்பது அம்மாதான்.

புது ஹப்பில் எந்தக் கோளாறும் இல்லை. பழைய சென்சார் பேசும் மொழி அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். ஹப் மாற்றும்போது பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

ஹப் என்றால் என்ன?

வீட்டிலுள்ள ஸ்மார்ட் பல்ப், பிளக், சென்சார், பூட்டு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் சின்னப் பெட்டிதான் ஹப். சில கம்பெனிகள் இதை பிரிட்ஜ் என்று சொல்கின்றன. சில ஸ்மார்ட் ஸ்பீக்கர்களுக்குள்ளேயே ஹப் இருக்கிறது. "ஆறு மணிக்கு விளக்கு போடு", "ஆள் நடமாட்டம் தெரிந்தால் விளக்கு எரியட்டும்" போன்ற கட்டளைகள் பெரும்பாலும் இந்தப் பெட்டியிலோ, அதைத் தயாரித்த கம்பெனியின் சர்வரிலோதான் பதிவாகியிருக்கும்.

நல்லா ஓடுறதை ஏன் மாத்தணும்?

சில நேரம் முடிவு நம் கையில் இருப்பதில்லை. அமெரிக்காவில் சுமார் 300 டாலருக்கு விற்ற ஹப் 'ரிவால்வ்'. அந்தக் கம்பெனியை 2014-ல் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சர்வர் நிறுத்தப்பட்டதும், காசு கொடுத்து வாங்கிய பெட்டி வெறும் பிளாஸ்டிக் டப்பா ஆனது.

2022 ஏப்ரலில் 'இன்ஸ்டியான்' சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. சுவரிலுள்ள ஸ்விட்சைக் கையால் அழுத்தினால் விளக்கு எரிந்தது. ஆப் மட்டும் செத்துப்போனது. பிறகு அதைப் பயன்படுத்தி வந்தவர்களே சிலர் சேர்ந்து கம்பெனியை வாங்கி மறுபடியும் ஓட வைத்தார்கள்.

பிலிப்ஸ் ஹியூவும் தன் முதல் தலைமுறை பிரிட்ஜுக்கான சப்போர்ட்டை 2020 ஏப்ரலோடு நிறுத்திக்கொண்டது. ஆக, ஹப்புக்கும் ஆயுள் உண்டு. மாற்ற வேண்டிய நாள் என்றாவது வரும்.

பிராண்டை விடுங்க, மொழியைப் பாருங்க

"இது அலெக்சாவுல வேலை செய்யுமா?" என்று கடையில் கேட்டால் "செய்யும்" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது வேறு கேள்வி: இந்தச் சாதனம் எந்த வழியில் பேசுகிறது? பெட்டியிலோ கையேட்டிலோ இந்தப் பெயர்களில் ஒன்று இருக்கும்.

வைஃபை: ஹப் தேவையில்லை, ரவுட்டரோடு நேரடியாகச் சேரும். பெரும்பாலான ஸ்மார்ட் பல்புகளும் பிளக்குகளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே வேலை செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு அவற்றுக்குத் தெரியாது.

ஜிக்பீ: ஹப் கட்டாயம் வேண்டும். இங்கே ஒரு சிக்கல். நான்காம் தலைமுறை அமேசான் எக்கோவுக்குள் ஜிக்பீ ஹப் இருக்கிறது. அதே தலைமுறை எக்கோ டாட்டில் இல்லை. பார்க்க இரண்டும் உருண்டைதான்.

இசட்-வேவ்: இதற்கும் தனி ஹப் வேண்டும். அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும்.

மேட்டர்: 2022 அக்டோபரில் வந்த பொது மொழி. அமேசான், கூகுள், ஆப்பிள், சாம்சங் எல்லாம் சேர்ந்து ஏற்றுக்கொண்டது. மேட்டர் சாதனத்தை ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆப்களில் சேர்க்கலாம். ஆனால் 'திரெட்' வழியாகப் பேசும் மேட்டர் சாதனமாக இருந்தால், வீட்டில் 'திரெட் பார்டர் ரவுட்டர்' உள்ள ஒரு ஹப்போ ஸ்பீக்கரோ இருக்க வேண்டும். இல்லையென்றால் மேட்டர் முத்திரை இருந்தும் பயனில்லை.

பழைய ஜிக்பீ பல்பு மேட்டருக்கு மாறுமா? பல்பு மாறாது, ஆனால் அதன் பிரிட்ஜ் மாறலாம். ஹியூவின் சதுர வடிவ பிரிட்ஜுக்கு 2023-ல் மேட்டர் அப்டேட் வந்தது. அது இருந்தால் பல்புகளைத் தொடவே வேண்டாம். பிரிட்ஜை மட்டும் புது ஹப்போடு இணைத்தால் போதும்.

வெளிநாட்டில் இருந்து வந்த சாமானா? உஷார்

அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நம்மூரில் 230. அங்கே விற்கும் பல்பையோ பிளக்கையோ இங்கே மாட்டினால் புகைந்துவிடலாம். அதன்மேல் '100-240V' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

பேட்டரி சென்சாருக்கு வோல்ட் பிரச்சினை இல்லை. ஜிக்பீயும் வைஃபையும் உலகம் முழுக்க 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். இசட்-வேவ் அப்படியில்லை. அமெரிக்காவில் 908 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 865. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. போதாததற்கு, 908 இங்கே செல்போன் சேவைக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைக்குள் வருகிறது. அதனால் அதைக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

ஸ்விட்ச் போர்டையும் பாருங்க

பல ஸ்மார்ட் ஸ்விட்சுகளுக்கு நியூட்ரல் ஒயர் வேண்டும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் அது இருக்கும். வெறும் ஸ்விட்ச் மட்டும் உள்ள பழைய போர்டில் இல்லாமலும் போகலாம். எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தண்ணீர் மோட்டாரைச் சாதாரண ஸ்மார்ட் பிளக்கில் மாட்ட வேண்டாம். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதற்கு ஸ்டார்ட்டரோடு இணைக்கும் தனி கன்ட்ரோலர்தான் சரி.

கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும்? சில பல்புகள் நடுராத்திரியில் தானாக எரியும். ஆப்பில் இதற்கென்று செட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். ஹப்பும் ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருப்பது அவசியம்.

எந்த வரிசையில் மாற்றுவது?

1. முதலில் ஒரு பட்டியல். ஒவ்வொரு சாதனத்தின் பெயர், மாடல் நம்பர், பேசும் வழி, இருக்கும் இடம். புது ஹப் கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடல் நம்பரைத் தேடுங்கள். "ஜிக்பீ சப்போர்ட்" என்ற இரண்டு வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். பல்பு சேர்ந்து, சென்சார் சேராமல் போவது உண்டு.

2. பழைய ஆப்பில் உள்ள நேரம், கட்டளைகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வேறு கம்பெனி ஹப்புக்கு அவை தானாகப் போகாது. மேட்டர் சாதனங்களின் க்யூஆர் கோடையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

3. பழைய ஹப்பை உடனே கழற்றாதீர்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடட்டும். ஒவ்வொரு சாதனமாகப் பழையதிலிருந்து நீக்கி, புதியதில் சேருங்கள்.

4. ஜிக்பீயில் கரண்டில் ஓடும் பல்பு, பிளக்கை முதலில் மாற்றுங்கள். அவைதான் சிக்னலை அடுத்த அறைக்குக் கடத்துகின்றன. பேட்டரி சென்சார்கள் அதற்குப் பிறகு.

5. கதவுப் பூட்டு கடைசி. சாவி கையில் இருக்கும்போது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ரவுட்டரை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் ஒரு சுலபமான வழி உண்டு. பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே புதிய ரவுட்டரில் போடுங்கள். பெரும்பாலான வைஃபை சாதனங்கள் தானாகச் சேர்ந்துவிடும்.

கடைசியாக ஒரு சோதனை

எல்லாம் முடிந்ததும் இன்டர்நெட்டை ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். ராத்திரி விளக்கு எரிகிறதா? சுவர் ஸ்விட்ச் வேலை செய்கிறதா? சாவியால் கதவு திறக்கிறதா? மூன்றும் சரியென்றால், நாளைக்கே எந்த சர்வர் நின்றாலும் வீடு இருட்டில் நிற்காது.

மகன் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் செய்ய வேண்டிய வேலை இல்லை இது. குறைந்தது ஒரு வாரம் முன்பே மாற்றிவிட்டு, ராத்திரி அம்மாவையே ஒருமுறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.