தந்தை கோரியோவும் கீழைக்கரைச் சீதன வீடும்

பிரெஞ்சுக் கதைகள் ஈழத்துத் தமிழர்க்கு இன்று நேற்று அறிமுகமானவை அல்ல. சித்திலெவ்வை அவர்களின் 'அசன்பேயுடைய கதை' 1885-இல் வெளிவந்தது. அதற்கு ஆறு ஆண்டுகளின் பின், 1891-இல், திருக்கோணமலை இன்னாசித்தம்பி அவர்கள் 'ஊசோன் பாலந்தை கதை'யை வெளியிட்டார். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கத்தை ஆராய்வோர் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து எண்ணுவர். இரட்டைச் சகோதரருள் ஒருவன் அரண்மனையிலும் மற்றவன் கரடியின் பாலுண்டு காட்டிலும் வளர்வதாகச் செல்லும் 'ஊசோன் பாலந்தை'யின் மூலக்கதை, பிரான்சு தேசத்தில் இடைக்காலத்தே வழங்கி, 1489-இல் லியோன் நகரில் அச்சேறிய வீரகதையாகும். ஆகவே நம் கிழக்குக் கரையின் முதல் நாவலே பிரெஞ்சு மண்ணிலிருந்து வந்த விதை என்று சொல்வது மிகையாகாது.

அதன்பின் வந்தவருள் தமிழர் நெஞ்சில் நிலைத்தவர் விக்டர் கியூகோ ஒருவரே எனலாம். புதுச்சேரியிற் பல்லாண்டு மௌனம் பூண்டிருந்த கவியோகி சுத்தானந்த பாரதியார், கியூகோவின் பெருநூலை 'ஏழை படும் பாடு' எனவும், பிறிதொன்றை 'இளிச்சவாயன்' எனவும் தமிழிலே தந்தார். முன்னையது 1950-இல் திரைப்படமாகவும் வந்தது. அதிற் கொடிய காவலதிகாரியாக நடித்த சீதாராமன், அப்பாத்திரத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னொட்டாகப் பெற்று, இறுதிவரை 'ஜாவர் சீதாராமன்' என்றே அழைக்கப்பட்டார். ஒரு பிரெஞ்சு நாவலின் பாத்திரப்பெயர் ஒரு தமிழ் நடிகரின் பெயராகவே ஆகிவிட்டதெனின், அந்நூல் நம்மவரிடையே எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கியூகோ இத்துணை எளிதில் நம்மவராயினமைக்குக் காரணம் உண்டு. ஓர் உரொட்டியைத் திருடியமைக்காகச் சிறை புகுந்து, தப்ப முயன்ற குற்றங்களும் சேரப் பத்தொன்பது ஆண்டு கழித்து வெளிவரும் ழான் வால்ழானின் கதையில், சட்டம் வேறு, அறம் வேறு என்னும் உண்மை மிக வெளிப்படையாக நிற்கின்றது. அவனைத் துரத்திய அதிகாரி, தான் போற்றிய சட்டமே தவறிழைத்தது என உணர்ந்த கணத்தில் உயிர்வாழ இயலாது சேன் நதியில் வீழ்கின்றான். தீர்ப்புப் பிழைத்ததை அறிந்த மாத்திரத்தே அரியணையில் உயிர்விட்ட பாண்டியனை அறிந்த தமிழ் வாசகன், இவனைக் கண்டு வியப்பதில்லை, இனங்கண்டு கொள்கின்றான். வைகாசிதோறும் கண்ணகை அம்மன் சடங்கு செய்து, 'கண்ணகி வழக்குரை' படிக்கக் கேட்டு, குளிர்த்தி பாடி அம்மனின் சினத்தைத் தணிக்கும் கிழக்குக் கரையிலே இது இன்னும் எளிது. இங்கு கியூகோவுக்கு உரையாசிரியர் தேவையில்லை.

ஆயினும் என்னை உறக்கமிழக்கச் செய்த பிரெஞ்சு நாவலாசிரியர் கியூகோ அல்லர். ஒனொரே த பால்சாக் ஆவார். அவருடைய 'தந்தை கோரியோ' 1835-இல் நூலுருப் பெற்றது. யான் அதனை ஆங்கில வழியாகவே படித்தேன். படித்த இடமும் சொல்லத் தக்கது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நற்பிட்டிமுனையில், என் மனைவிக்கு அவள் பெற்றோர் சீதனமாக எழுதிக் கொடுத்த வீட்டின் விறாந்தையிலே அமர்ந்து படித்தேன். அவ்வீட்டைக் கட்டிய என் மாமனார் அப்போது அதே வளவின் பின்புறத்தே ஓரறையில் வாழ்ந்துகொண்டிருந்தார். இந்நாவலை வேறு எந்த நாட்டிலிருந்து படித்திருப்பினும் அது எனக்கு வேறொரு நூலாகவே இருந்திருக்கும்.

கதையைச் சுருக்கிச் சொல்வேன். கோரியோ என்பவர் பாரிசு நகரிற் சேமியா செய்து விற்ற வணிகர். புரட்சிக் காலத்துப் பஞ்சத்தில் மாவைப் பன்மடங்கு விலைக்கு விற்றுப் பெருஞ்செல்வம் திரட்டியவர். (இதனைப் பால்சாக் மறைக்கவில்லை என்பதைக் கவனிக்க. இரக்கத்துக்குரிய தந்தையைப் படைக்கும் பிறர், அவருடைய செல்வம் ஏழைகளின் பசியிலே விளைந்தது என்பதை எழுத நாணியிருப்பர்.) மனைவியை இழந்த அவருக்கு அனஸ்தாசி, டெல்பீன் என இரு பெண்கள். இருவருக்கும் அளவிறந்த சீதனம் கொடுத்து, ஒருத்தியை ஒரு பிரபுவுக்கும் மற்றவளை ஒரு வங்கி முதலாளிக்கும் மணமுடித்துக் கொடுக்கின்றார். 1813-இல் தொழிலை விட்டு, வொக்கே அம்மையாரின் விடுதியிலே ஆண்டுக்கு ஆயிரத்திருநூறு பிராங்கு வாடகையில் முதல் மாடியிற் குடியேறுகின்றார். பின்னர் இரண்டாம் மாடிக்குச் செல்கின்றார், வாடகை தொள்ளாயிரம். அதன்பின் மூன்றாம் மாடி. மாதம் நாற்பத்தைந்து பிராங்கு. பாரிசு விடுதிகளில் மேலே செல்லச் செல்ல அறை மலிவு. ஏறுவோர் வாழ்விலே இறங்குகின்றனர். ஒவ்வொரு படியிலும் அவருடைய வெள்ளிப் பாத்திரமும் பொற்சங்கிலியும் மறைகின்றன. மனைவி மணநாளின் முதலாண்டு நிறைவிற் பரிசளித்த பாத்திரத்தையும் நள்ளிரவிலே தம் கைவலியால் முறுக்கிப் பாளமாக்கி விற்று, மகளின் கடனைத் தீர்க்கின்றார்.

இந்தப் படிக்கட்டே நூலின் இதயம் என்பது என் துணிபு. திறனாய்வாளர் பலர் இந்நாவலைச் சேக்சுபியரின் 'இலியர் அரச'னோடு ஒப்பிடுவர். ஒப்பீடு பொருத்தமானதே. ஆனால் இலியர் தன் நாட்டை ஒரே நாளிற் பகிர்ந்துவிட்டு வெளியேறுகின்றான். கோரியோ அப்படியல்லர், சிறிது சிறிதாக, மாடி மாடியாகக் கொடுக்கின்றார். இவ்வாறு கொடுக்கும் தந்தையரை யாம் இலக்கியத்தில் அன்று, எங்கள் ஒழுங்கைகளிலே காண்கின்றோம்.

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையோரத்தில், தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் குடி தாய்வழியாகவே வருகின்றது. கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் குடிவழியாகவே பொறுப்பேற்கும் வழக்கம் இருந்து வந்தது. மணமகன் மனைவியின் வீட்டிற்கு வருகின்றான். வீடு மகளுக்குரியது. மூத்த மகளுக்கு மணமானதும் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்கு விட்டு, இளையவளோடு அதே வளவில் அல்லது அருகில் வேறொரு வீடு கட்டிக் குடிபெயர்வர். அவளுக்கு மணமானால் மீண்டும் ஒரு பெயர்வு. கடைசி மகளின் வீட்டில், அல்லது அதன் பின்புறத்தில், அவர்களுடைய முதுமை கழியும். இதனை அறிந்தவன் கோரியோ முதல் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு ஏறுவதைப் படிக்கும்போது, அக்காட்சி பாரிசில் நிகழ்வதை மறந்துவிடுகின்றான். மஹர் கொடுத்து மணத்தல் மணமகனின் மார்க்கக் கடமையாக உள்ள முஸ்லிம் இல்லங்களிலும், பெண் வீட்டார் வீடு கொடுத்தலும் தொடர்கின்றது. அவ்வீட்டின் கல்லுக்கும் சீமெந்துக்குமாகக் குவைத்துக்கும் சவூதிக்கும் பணிப்பெண்களாகச் சென்று ஆண்டுக்கணக்கிற் பிள்ளைகளைப் பிரிந்திருந்த தாய்மார் இக்கரையிற் பலர். பால்சாக் தந்தையை எழுதினார். இங்கு அதே கதை தாயின் கதையுமாகும்.

ஆனால் ஒப்புமையை இவ்வளவில் நிறுத்துவது நூலுக்கும் நீதியன்று, ஊருக்கும் நீதியன்று. கோரியோவைக் கொன்றது கொடையா, கொடை சென்ற வழியா என்பதை ஆராய வேண்டும். நெப்போலியன் 1804-இல் இயற்றுவித்த சட்டத்தின்கீழ் மணமான பெண்ணின் சொத்தைக் கணவனே ஆண்டான். டெல்பீனின் சீதனம் முழுவதையும் அவள் கணவன் நுசிங்கன் தன் வாணிகச் சூதாட்டத்தில் முடக்கிவிட, கோடிக்கணக்கிற் பொருள்படைத்த வீட்டில் அவள் கைக்காசுக்கு வழியின்றி நிற்கின்றாள். தந்தையிடம் ஓடிவரும் அப்பெண்களை நன்றி கெட்டவர் என்று மட்டும் தீர்ப்பளிப்போர் நூலைப் பாதியே படித்தவராவர். அவர்கள் நன்றி கெட்டவர்களே, அதில் ஐயமில்லை. ஆனால் தமக்கென்று வந்த பொருளிலிருந்தே துரத்தப்பட்டவர்களும் ஆவர். மருமக்கள் இருவரும் மாமனாரைத் தம் வாயிலில் ஏறவிடாது தடுத்தனர். மகளின் வண்டி செல்லும் வீதியோரத்தே நின்று அவள் முகத்தைப் பார்த்துத் திரும்பும் தந்தை அவர்.

எங்கள் கரையிலோ வீடு மகளின் பெயரிலே நிற்கின்றது. மருமகனே வந்து புகுகின்றவன். தாயும் தந்தையும் அடுத்த கதவுக்குள் இருக்கின்றனர். தமக்கையும் தங்கையும் ஒரே வேலிக்குள் வாழ்கின்றனர். மாமனாரை வாயிலில் மறிக்க விரும்பும் மருமகன் முதலில் எந்த வாயிலில் நிற்கின்றான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகவே கோரியோவின் பெருங்கொடுமை, அஃதாவது மகளைக் காணவும் இயலாமை, இங்கு நிகழ்தல் அரிது. சுமை உண்டு, கடன் உண்டு, மகள் ஒருத்திக்கு வீடு கட்டி முடியாமையால் மணம் தள்ளிப்போகும் துயர் உண்டு. வொக்கே அம்மையாரின் மூன்றாம் மாடி மட்டும் இல்லை. சீதனத்தை ஒரேயடியாகக் கண்டிக்கும் மேடைப் பேச்சுகளைக் கேட்கும்போதெல்லாம், எந்தச் சீதனம், யார் பெயரில் என்று கேட்க எனக்குத் தோன்றுவது இந்நாவலைப் படித்த பின்னரே.

இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. 2004 திசம்பர் 26-ஆம் நாள் எழுந்த கடற்பேரலை கல்முனைக் கரையின் வீடுகளை நிரைநிரையாக வாரிச் சென்றது. அவ்வீடுகளிற் பெரும்பாலானவை பெண்களுக்குச் சீதனமாக வந்தவை. பின்னர்ப் புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது 'குடும்பத் தலைவர்' என்னும் கட்டத்தில் ஆடவர் பெயரே பலவிடத்தும் எழுதப்பட்டது. பெண்ணுக்குரிய வீடு அலையொடு போய், ஆணுக்குரிய வீடாகத் திரும்பி வந்தது. இதனைப் பெண்ணுரிமை ஆய்வாளர் அக்காலத்திலேயே எடுத்துக் காட்டினர். ஒரு படிவத்தின் ஒற்றைக் கட்டம், தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கத்தைத் திருப்பிவிடவல்லது என்பதை யான் பால்சாக்கிடமே கற்றிருந்தேன். அவருடைய நாவல்களிற் பத்திரமும் வட்டியும் உறுதியும் பாத்திரங்களைப்போலவே நடமாடுகின்றன. நம் நாவலாசிரியர் பலர் காதலையும் கண்ணீரையும் எழுதி, உறுதியை எழுத மறந்துவிடுகின்றனர். ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்ல முனைவோர் அவ்வீட்டு உறுதியை முதலில் வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

காரைதீவிலே 1892-இல் தோன்றிய விபுலாநந்த அடிகளார், 1926-இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யிற் சேக்சுபியரின் பன்னிரு நாடகங்களை நம் நாடக இலக்கண மரபின் அருகில் வைத்து ஆராய்ந்தார். மேனாட்டு நூலைப் போற்றுவதற்காக நம்மரபை மறக்கவோ, நம்மரபைக் காப்பதற்காக மேனாட்டு நூலை விலக்கவோ அவர் முனையவில்லை. நாடகத்துக்கு அவர் செய்ததை நாவலுக்கும் செய்யலாம். நாவலுக்கு இலக்கண நூல் இல்லையாயினும், வளவும் வேலியும் உறுதியும் உண்டு.

இறுதிக் காட்சிக்கு வருவேன். கோரியோ சாகக் கிடக்கின்றார். மகளிர் இருவரும் முந்திய இரவு ஒரு பெருவிருந்தின் ஆடலுக்குச் சென்றவர்கள். அழைத்தும் உரிய நேரத்தில் வரவில்லை. அவர்களைச் சபிக்கின்றார், அடுத்த மூச்சிலே வாழ்த்துகின்றார், தந்தையரைக் காக்கச் சட்டம் வேண்டும் என்கின்றார், மீண்டும், குற்றம் முழுவதும் தம்முடையதே என்கின்றார். இப்பகுதி மிகையுணர்ச்சி என்று குறை கூறுவோர் உளர். சாகும் முதியோரின் அருகிலே இரவு முழுவதும் இருந்தவர் அவ்வாறு கூறார். ஈற்றில் அவரைத் தாங்கிப் பிடித்த மாணவர் இருவரின் தலைமயிரைத் தடவி, மகளிரே வந்துவிட்டனர் என்று மயங்கி உயிர் நீங்குகின்றார். அடக்கச் செலவு அம்மாணவருடையது. மகளிரின் வீடுகளிலிருந்து குலச்சின்னம் பொறித்த இரு வண்டிகள் பின்தொடர்ந்தன. அவற்றின் உள்ளே ஒருவரும் இல்லை. என் மாமனாரின் வெள்ளைத் துணி போர்த்த உடல் நான்கு மகளிரின் அழுகையிடையே அதே வளவிலிருந்து புறப்பட்ட நாளில், அந்த வெற்று வண்டிகளே என் நினைவுக்கு வந்தன.

அம்மாணவருள் ஒருவன் ரஸ்தினியாக். குழிவெட்டியவர்க்குக் கொடுக்கவும் காசின்றி விடுதி வேலைக்காரனிடம் கடன் வாங்கியவன். அடக்கம் முடிந்த மாலையே டெல்பீனின் இல்லத்திற்கு விருந்துண்ணச் சென்றவன். பால்சாக்கின் பிற நாவல்களிலும் அவன் தொடர்ந்து வருகின்றான், அமைச்சனாக உயர்கின்றான். பல்லாண்டு கழித்து அவன் மணந்துகொள்வது டெல்பீனின் மகளை, அஃதாவது கோரியோவின் பேத்தியை. அவளும் பெருஞ்சீதனத்தோடே வருகின்றாள்.