குராமி மீன் வாங்குமுன் நலமறியும் முறை

தெல்தோட்டையிலும் சுற்றுப்புறங்களிலும் நெல், மரக்கறிச் செய்கையோடு அலங்கார மீன் வளர்க்க விரும்பும் கமக்காரருக்கு, ‘ஜயன்ட் குராமி’ எனக் கடைகளில் வழங்கும் பெருங்குராமி புதுமையானதொரு மீனாகும். தென்கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் இலைகளையும் விரும்பியுண்ணும். ஆயினும், நோயுற்ற ஒரு மீன் தொட்டியிலுள்ள மற்றெல்லா மீன்களையும் அழித்துவிடக் கூடும். நாற்றைத் தெரிந்தெடுப்பதுபோல் மீனையும் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

மீனின் இயல்பு

குராமிக்குச் செவுள்களோடு, காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பும் உண்டு. ஆகையால் அது இடையிடையே நீர்மட்டத்துக்கு வந்து ஒருமுறை காற்றை விழுங்கிக் கீழிறங்கும். பிற மீன்களிடம் இது நோய்க்குறியாகலாம், குராமியிடம் இயற்கையே. இதனை அறியாதோர் நல்ல மீனைத் தள்ளிவிடுவர். ஆனால் மேல்மட்டத்தை விட்டகலாது, செவுள் மூடிகள் விரைந்து அடிக்கத் தொங்கிக் கிடக்கும் மீனை வாங்கலாகாது.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. கண்கள் தெளிவாயிருத்தல் வேண்டும். வெண்படலமும் வீக்கமும் ஆகா.

2. வயிற்றின் கீழுள்ள நூல்போன்ற இரு நீண்ட இழைகளால் குராமி தன் சூழலைத் தடவியறியும். அவை முழுமையாயிருந்து அசைதல் நன்று.

3. இளங்குராமியின் உடலில் குறுக்கே ஓடும் கருங்கோடுகள் தெளிவாயிருக்கலாம். வளர்ந்தபின் அவை மங்குவது இயல்பு. இளமீனில் உடல் முழுதும் வெளிறி, செட்டைகளும் ஒடுங்கியிருப்பின் விலக்குக.

4. உப்புத்தூள் தூவியதுபோன்ற வெண்புள்ளிகள், பஞ்சுபோன்ற படர்ச்சி, சிலிர்த்து நிற்கும் செதில்கள், உட்குழிந்த வயிறு ஆகியவை நோய்க்குறிகள்.

5. குராமிக் குஞ்சுகள் தமக்குள் சண்டையிடுவதுண்டு. செட்டையின் கிழிசல் ஓரம் சுத்தமாயின் ஆறிவிடும். ஓரம் வெளுத்து அழுகியிருப்பின் ஆகாது.

6. விற்பவரைக் கொண்டு இரையிடச் செய்து பார்த்தல் வேண்டும். இரையை விரைந்து தேடும் மீனே நலமுள்ளது.

7. அதே தொட்டியில் இறந்த மீன் கிடப்பின், நலமாய்த் தோன்றும் மீனையும் அங்கு வாங்கலாகாது.

கொண்டுவருதலும் தனித்து வைத்தலும்

கண்டியில் வாங்கிக் கலஹா வழியாக மேலே கொண்டுவரும்போது, பொலித்தீன் பையில் நீருக்கு மேல் காற்றுக்குப் போதிய இடம் விடப்படுதல் வேண்டும். தெல்தோட்டை கண்டியை விட உயரமான இடமாதலால் இரவுக் குளிர் மிகுதி. குளிரில் மீனின் வலிமை குன்றி, வெண்புள்ளி நோய் எளிதிற் பற்றும். வீடு சேர்ந்ததும் பையைக் கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, நீரைச் சிறிது சிறிதாகக் கலந்தபின் மீனை விடுக.

புதிய மீனை இரண்டு மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. கடையில் தோன்றாத நோய் இக்காலத்துள் வெளிப்படும். அத்தொட்டிக்குரிய வலையையும் வாளியையும் வேறு தொட்டியிற் பயன்படுத்தலாகாது.

இரையும் இடமும்

கங்குன் கீரை, கோவா இலை முதலியவற்றை நன்கு கழுவிச் சிறிதளவு இடலாம். பூச்சிநாசினி தெளித்த தோட்டத்து இலை மீனுக்கு நஞ்சாகும். ஆதலால் மருந்து தெளியாப் பாத்தியிலிருந்தே பறித்தல் வேண்டும். குராமி இரண்டடிக்கு மேலும் வளரக்கூடியது. சிறு கண்ணாடித் தொட்டி மட்டுமே உடையோர் அதனை வாங்காதிருத்தலே நன்று.

ஓடையில் விடலாகாது

மீன் பெரிதானதும், அல்லது நோயுற்றதும், அதனை ஓடையிலோ வயல் வாய்க்காலிலோ விடுவது பெருந்தவறு. இப்பக்கத்து ஓடைகள் மகாவலியைச் சேர்வன. அயல்நாட்டு மீனும் அதன் நோயும் அங்குள்ள நாட்டு மீன்களுக்குக் கேடு செய்யும். தனித்தொட்டியின் கழிவுநீரை வாழையடியில் ஊற்றுக. இறந்த மீனை ஆழப் புதைத்தல் வேண்டும்.

மேலும் அறிய விரும்புவோர், 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையை அணுகலாம். விலை மலிவு என்று நோயுற்ற மீனை வாங்குபவர், தொட்டி முழுவதையும் விலையாகக் கொடுக்க நேரும்.